மூச்சு கேட்காத அறை

தங்கள் நாட்டுப்பாடல் குழுவின் பதினெட்டாவது ஆல்பத்துக்கு டிரம்ஸ் வேண்டும், சிந்தசைசர் வேண்டும் என்று மூரீன் சொன்னபோது டெரெக் தலையாட்டினார். நாற்பத்தாறு வருடமாக அவள் சொன்னதற்கெல்லாம் ஆடிப் பழகிய தலை. "பழசையே பாடிட்டிருந்தா, கேக்கறவங்களும் நம்மகூடவே செத்துப் போவாங்க" என்றாள். நியாயம்தான். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எந்த நாட்டுப்பாடல் மன்றத்துக்குப் போனாலும் முன்வரிசையில் கைத்தடிகள்தான்.

ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் தன்னைக் கண்ணாடி அறையில் தனியாக அடைப்பார்கள் என்று அவர் நினைக்கவில்லை.

குழுவில் ஆரம்பத்திலிருந்து மிஞ்சியவர்கள் இவர்கள் இருவர் மட்டுமே. ஒரே மைக்கின் முன் தோளோடு தோள் நின்று, வாத்தியமில்லாமல் பாடியவர்கள். யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணியதில்லை. மூரீன் மூச்சிழுப்பாள், அது கேட்டதும் டெரெக் கீழ்க்குரலில் சேர்ந்துகொள்வார். அவருக்குத் தெரிந்த தாளம் அவ்வளவுதான்.

இப்போது காதில் ஹெட்போன். அதில் நேற்றே பதிவான மூரீனின் குரல், கூடவே தாளக் கணக்குக்காக டிக் டிக்கென்று ஒரு சனியன். ஒருமுறை முந்தினார், ஒருமுறை பிந்தினார். பதினோராவது முறையும் பிசகியது.

"நாலாவது டிக்ல ஆரம்பிங்க டெரெக், அவ்வளவுதான்" என்றான் ஒலிப்பதிவு செய்யும் கிரெக்.

"அவ மூச்சு வாங்குறதே கேக்கலையேப்பா."

"அதையெல்லாம் வெட்டிட்டேன். சுத்தமா இருக்கணும்ல."

வெட்டிவிட்டானாம், என்னவோ நகத்தை வெட்டுவதுபோல.

"மூரீன், நீ உள்ள வந்து பக்கத்துல நில்லேன்."

"நின்னு? சும்மா மூச்சு விடவா?" அவள் சிரித்தாள்.

"ஆமா" என்றார். அவர் சிரிக்கவில்லை.

அது மைக்கில் விழும், கூடாது என்றுவிட்டான் கிரெக். பாட முடியாவிட்டால் ஆல்பத்தில் தன் குரலே இருக்காது என்பது டெரெக்குக்குப் புரிந்தது. சாப்பாட்டு இடைவேளையில் வெளியே போனவர், சீஸ் சாண்ட்விச்சைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பியபோது, கண்ணாடி அறைக்குள் மூரீன் நின்றிருந்தாள். வெளியே கிரெக் நீட்டிய ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

"நேரம் போகுதேன்னு உன் பங்க நானே பாடிப் பாத்தேன். கேளு."

கேட்டார். அவருடைய கீழ்க்குரல்தான். மூன்றாவது அடியின் கடைசிச் சொல்லை மூச்சுப் போதாமல் அவர் பாதி விழுங்குவார், அவளும் விழுங்கியிருந்தாள். தனக்கே தெரியாத சறுக்கல்கள்கூட அதில் இருந்தன. அவள் மூச்சை மட்டும் அவர் கேட்டுக்கொண்டிருந்த இத்தனை வருடத்தில், அவள் அவரை ஒன்று விடாமல் கேட்டிருக்கிறாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். அழுகைதான் வந்தது.

"சரியா இருக்கா? மழுப்பாம சொல்லு."

"ஒரு இடம்கூடத் தப்பல."

"அப்ப இதக் கேட்டுக்கிட்டே நீ பாடிரு கிழவா. சுலபமா வந்துரும்."

"எதுக்கு? அதான் நான் பாடியாச்சே." ஹெட்போனைக் கழற்றி கிரெக்கிடம் கொடுத்தார். "இதையே வச்சுக்கப்பா. நல்லாயிருக்கு."

கோட்டை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். கண்ணாடிக்குப் பின்னால் மூரீன் அவசரமாக ஏதோ சொல்லிக் கூப்பிட்டாள். வாய் அசைவது மட்டும் தெரிந்தது.