இடது பின் சக்கரம்

காரிமங்கலம் டாக்சி ஸ்டாண்டில் நிற்கிற பதினோரு வண்டிகளில் பெண்பிள்ளை ஓட்டுகிற வண்டி பூவிழியுடையது ஒன்றுதான். அவளுக்கு அது ஒன்றும் பெருமையில்லை. "ஓட்டறது நானு, பாத்துக்கறது எங்க வூட்டுக்காரரு" என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்வாள் பாருங்கள், அதுதான் பெருமை. மாதேஸ் பதினைந்து வருசம் லாரி ஓட்டியவன். இடுப்பு வலி வந்து ஸ்டியரிங்கை விட்ட பிறகு, அவள் காரின் ஆயில், பிரேக், டயர் எல்லாம் அவன் பொறுப்பு.

சனிக்கிழமை பின்பக்க டயர் இரண்டையும் புதிதாக மாற்றினாள். கடைக்காரர் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார். "நூறு கிலோமீட்டர் ஓடுனதும் நட்ட ஒருவாட்டி முடுக்கிருங்க. ஸ்பேனர் மேல ஏறி மிதிக்காதீங்க, போல்ட்டு மரை தேஞ்சு போயிரும்." அதை அப்படியே மாதேஸிடம் ஒப்பித்தாள். "லாரி சக்கரத்தையே கழட்டி மாட்டுனவனுக்கு நீ பாடம் எடுக்கறியா?" என்று அவன் சிரித்தான்.

ஞாயிறு சாயங்காலம் அவனே முடுக்கினான். முடித்ததும் வழக்கம்போல மகள் கலைமதியின் நகப் பாலிஷை எடுத்து, ஒவ்வொரு நட்டிலிருந்தும் சக்கரத் தகடு வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு இழுத்தான். நட்டு இம்மி நகர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். காலையில் குந்தி உட்கார்ந்து நாலு சக்கரத்துக் கோடுகளையும் பார்க்காமல் பூவிழி சாவியைத் திருப்ப மாட்டாள்.

திங்கட்கிழமை சேலத்துக்குச் சவாரி. எட்டு மாதக் கர்ப்பிணி சசிகலாவுக்கு ஸ்கேன். கூடவே அவள் அம்மா தீர்த்தம்மாள். கலைமதிக்கும் சேலத்தில்தான் காலேஜ், ஹாஸ்டல் எல்லாம். அம்மாவோடு காரில் போவதாகத்தான் பேச்சு. விடிந்ததும் என்ன தோன்றியதோ, பஸ்ஸில் போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அம்மா வண்டி கசக்குதாக்கும் என்று பூவிழிக்குக் கொஞ்சம் வருத்தம். கோடுகளைப் பார்த்தாள். எல்லாம் நேராக இருந்தன. கிளம்பினாள்.

தர்மபுரி தாண்டி, தொப்பூர் கணவாய் இறக்கத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது பின்னால் டக் டக்கென்று ஒரு சத்தம். பிறகு வண்டியின் பின்பக்கம் லேசாக ஆட ஆரம்பித்தது. வேகத்தைக் குறைத்து, இண்டிகேட்டர் போட்டு, லாரிகளுக்கு வழிவிட்டு ஓரம் கட்டினாள். இறங்கிப் போய் இடது பின் சக்கரத்தைப் பார்த்தாள். ஐந்து நட்டில் ஒன்று இல்லவே இல்லை. மூன்றின் கோடுகள் விலகியிருந்தன. ஐந்தாவதை விரலால் தொட்டாள், வெறும் விரலால். அது கையோடு வந்துவிட்டது.

"அடப்பாவி டயர் கடைக்காரா!" என்று கத்தினாள். "நல்லா இருப்பியாடா நீ? புள்ளத்தாச்சிய வெச்சுக்கிட்டு வரேன்டா!"

கத்திக்கொண்டே கையிலிருந்த நட்டைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. குழாய் கசியாமல் இருக்கப் பிளம்பர்கள் சுற்றுகிற வெள்ளை டேப். போல்ட்டைப் பார்த்தாள். மரை சுத்தமாக வழித்தெடுத்த மாதிரி போயிருந்தது. அதன் மேல் டேப்பைச் சுற்றிச் சுற்றித் தடிப்பாக்கி, நட்டை அழுத்திச் செருகியிருந்தார்கள். அந்த நட்டின் தலையில் கலைமதியின் சிவப்புப் பாலிஷ், நேராக, அழகாக.

கடைக்காரர் கோடு போடவில்லை. கோடு போட்டவன் யார் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வழியாக வந்த தெரிந்த டாக்சியை நிறுத்தி, சசிகலாவையும் தீர்த்தம்மாளையும் ஏற்றி அனுப்பினாள். "நீ என்னம்மா பண்ணுவ, மனசு வுட்டுறாத" என்று தீர்த்தம்மாள் அவள் தலையைத் தடவிவிட்டுப் போனாள். பிறகு மாதேஸுக்கு போன் செய்தாள். எடுக்கவில்லை. மகளுக்குச் செய்தாள்.

"கண்ணு, அப்பா வூட்ல இருக்காரா? போனே எடுக்க மாட்டேங்கறாரு."

"நான் கெளம்பறப்ப இருந்தாரும்மா. ஏம்மா? கார்ல வரலன்னு கோவமா? நான் உன்கூட வரேன்னுதான் சொன்னேன். அப்பாதான், வேணாம், நீ பஸ்ல போன்னு ஒரே புடியா நின்னாரு."

அப்புறம் பேசறேன் என்று மட்டும் சொல்லிப் பூவிழி போனை வைத்தாள். ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்தாள். மகளை ஏற்றக்கூடாத வண்டி என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கட்டினவளை ஏற்றலாம், வயிற்றுப் பிள்ளைக்காரியை ஏற்றலாம். பதினெட்டு வருசம் ஒரே தட்டில் சோறு தின்ற மனுசனா இவன் என்று அவளுக்கு ஆறவே இல்லை.

கடைசியில் அவனே திரும்பக் கூப்பிட்டான். சக்கரம் ஆடுது, கணவாய்க்கு முன்னாடி நிக்கறேன் என்று மட்டும் சொன்னாள். ஒரு மணி நேரத்தில் பைக்கில் வந்து இறங்கினான், வேர்த்து விறுவிறுத்து.

"உனக்கு ஒண்ணும் ஆவலியே பூவு? சாமி காப்பாத்துச்சு."

அவள் நட்டை நீட்டினாள். டேப்பு அதிலேயே தொங்கியது. அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

"ஏறி மிதிச்சீங்களா?"

"கொஞ்சம் வேகமா முடுக்கிட்டேன் போல. ரெண்டு மரை போயிருச்சு. உன்கிட்ட சொன்னா, சொன்னனே கேட்டீங்களான்னு ஆரம்பிப்ப. செவ்வாக்கெழம போல்ட்ட மாத்திரலாம்னு பாத்தேன். மூணு நட்டு இருக்குதே, தாங்கும். நீயும் மெதுவாத்தான ஓட்டுவ."

"தாங்கும்னா கலைய ஏன் பஸ்ல அனுப்பனீங்க?"

அவன் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான். லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"அவளுக்கு பஸ்ஸு, எனக்கு டேப்பா?"

"வாய்க்கு வந்தத பேசாத பூவு. தப்புதான், ஒத்துக்கறேன். புள்ளகிட்ட மட்டும் சொல்லிராத. உன் கால்ல வேணா வுழறேன்."

கால் எல்லாம் வேண்டாம் என்று தோன்றியது அவளுக்கு. இத்தனைக்குப் பிறகும், ஒத்துக்கறேன் என்ற அந்த ஒரு வார்த்தையில் மனசு கொஞ்சம் இளகத்தான் செய்தது. செய்ததைச் செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்கிற மனுசனோடு இன்னமும் குடும்பம் நடத்திவிடலாம். மகள் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, போனை அவன் கையில் வைத்தாள். "நான் சொல்லல. நீங்களே சொல்லுங்க."

"அம்மா? வண்டிக்கு என்னாச்சும்மா?" என்று கலைமதியின் குரல் கேட்டது.

மாதேஸ் போனைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

"அப்பா பேசறேன் கண்ணு. ஒண்ணுமில்ல. அந்த டயர் கடைக்காரன் நட்ட சரியா முடுக்காம வுட்டுட்டான். நல்லவேள, அப்பா நேரத்துக்கு வந்துட்டேன்."

வண்டி ஆடியபோது வராத பயம் பூவிழிக்கு இப்போது வந்தது. எதிரிலேயே நிற்கிறாள், கையில் நட்டு இருக்கிறது, அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொல்கிறான். போனை அவன் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள்.

"கலை," என்றாள். "உங்கப்பன் பொய் சொல்றான்."