முத்திரை விழாத அலமாரி

லிப்ட்காரருக்கு நாள் முழுக்க ஒரே கூண்டுக்குள் ஏறி இறங்குவதுதான் பிழைப்பு. வேலை முடிந்ததும் நேரே நூலகம்தான். மொழிபெயர்ப்பு நாவல்கள் இருக்கும் கடைசி அலமாரியோரம் உட்கார்ந்துவிடுவார். பனியில் புதைந்த ஊர், பாலைவனத்து ரயில் நிலையம், ஏதோ ஒரு தீவில் கணவனோடு பேச்சை நிறுத்திவிட்ட மீன்காரி என்று ஆறு வருடத்தில் உலகமே அவருக்குச் சொந்தபந்தமாகிவிட்டது. ஒரு புத்தகத்தைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போனதில்லை. பேரப்பிள்ளைகள் கிழித்துவிட்டால்?

அன்று அலமாரி காலியாகக் கிடந்தது.

"எங்கம்மா புத்தகமெல்லாம்?" என்றார் நூலகரிடம்.

"அஞ்சு வருஷமா யாரும் எடுக்காததைக் கழிச்சுக்கட்டச் சொல்லிட்டாங்கண்ணே. காலையிலயே காகித ஆலைக்குப் போயிடுச்சு."

"யாரும் எடுக்கலையா? நான் தினமும் படிச்சேனே! கண்ணால பாத்தீங்களே!"

"பாத்தேன்ணே. ஆனா புத்தகத்துல ஒட்டின தேதிச் சீட்டுல ஒரு முத்திரைகூட இல்லையே. வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாத்தானே முத்திரை விழும்?"

லிப்ட்காரர் காலி அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். நேற்று மீன்காரி கணவனின் கதவைத் தட்டக் கையை உயர்த்திய இடத்தில் படிப்பை நிறுத்தியிருந்தார். பக்கத்தின் முனையை மடிக்க மனம் வராமல், பக்க எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துவைத்திருந்தார். நூற்று நாற்பத்தேழு.

அந்தப் பக்கம் ஒரு மடிப்புகூட இல்லாமல் அரைபட்டிருக்கும்.