வெள்ளை வண்டிக்கு ஓர் அஞ்சலிப் போஸ்டர்

என் டாக்ஸி செத்துப்போனதாக எங்கள் ஊர் கல்பற்றா முழுக்கப் போஸ்டர் ஒட்டியது நான்தான். அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. வயநாட்டிலிருந்து கோழிக்கோட்டுக்கு இறங்கும் மலைப்பாதையில், எங்கள் பேச்சில் சுரத்தில், கொண்டை ஊசி வளைவில் திருப்பும்போது அந்த வண்டியின் என்ஜின் நின்றுபோகும். நின்ற கையோடு ஸ்டியரிங்கும் பிரேக்கும் இறுகிவிடும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பாதாளம். ஒவ்வொரு தடவையும் மலையோரத்து ஓடையில் சக்கரத்தை இறக்கித்தான் தப்பித்தேன். பின்சீட்டில் மெடிக்கல் காலேஜுக்குப் போகும் நோயாளிகள் இருப்பார்கள். அடுத்த முறை ஓடை இல்லாத இடத்தில் நின்றால் என்ன ஆகும்?

புகார் சொன்னால் ஷோரூமில் வண்டியை வாங்கி வைத்து, கழுவித் துடைத்து, டவுனில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, கோளாறே இல்லை என்று திருப்பித் தருவார்கள். டவுனில் ஏது வளைவு? கம்பெனிக்கு எத்தனை மெயில் போட்டாலும் 'உங்கள் திருப்தியே எங்கள் மகிழ்ச்சி' என்று பதில் வரும். கடைசியாக ஷோரூம் மேனேஜர் அனூப் மாராத்தை நேரில் பிடித்தேன்.

"தப்பா நினைக்காதீங்க சேச்சி. சுரத்துல பொம்பளைங்க ஓட்டும்போது கொஞ்சம் பதட்டம் வரும். கிளட்ச்ச சரியா மிதிக்காம விட்டிருப்பீங்க."

"என்கூட ஒரு தடவை சுரம் இறங்கி வாங்க. யாருக்குப் பதட்டம் வருதுன்னு பாப்போம்."

"எனக்கு மீட்டிங் இருக்கு."

"உயிர் மேல ஆசை இருக்குன்னு சொல்லுங்க சாரே. அதுல என்ன வெக்கம்?"

அங்கிருந்து நேராக உஸ்மான் இக்காவின் அச்சகத்துக்குப் போனேன். எங்கள் ஊரில் யார் செத்தாலும் பொழுது சாய்வதற்குள் போட்டோவோடு போஸ்டர் கரண்ட் கம்பத்தில் ஏறிவிடும். எல்லாம் இக்கா அடிப்பதுதான். வண்டியின் போட்டோவை நீட்டினேன்.

"வயசு என்ன போடட்டும்?" என்றார்.

"ரெண்டு. அகால மரணம்னு போடுங்க."

"துக்கத்துல வாடுறவங்க?"

"நான்தான். சோசம்மா, டாக்ஸி ஸ்டாண்டு. கம்பெனிக்காரங்க பேரு வேண்டாம். அவங்களுக்குத் துக்கமே இல்ல."

அவர் சிரிக்காமல் அடித்துத் தந்தார். பழக்கதோஷத்தில் அடியில் ஒரு வரியும் சேர்த்துவிட்டார்: மறுநாள் காலை முதல் ஷோரூம் வாசலில் அஞ்சலிக்கு வைக்கப்படும். நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் போஸ்டரில் வந்துவிட்டால் எங்கள் ஊரில் அதற்கு மறுபேச்சு கிடையாது. வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் ஷோரூம் வாசலை அடைத்து நிறுத்தினேன்.

ஜனங்கள் வந்தார்கள். ஸ்டாண்டுக்காரர்கள் பானட்டில் மலர்வளையம் வைத்துவிட்டு, சாவு வீட்டில் நிற்பதுபோலக் கைகட்டி நின்றார்கள். யாரோ எல்லாருக்கும் பால் விடாத கட்டன் சாயா கொடுத்தார்கள். கார் வாங்க வந்த ஒரு குடும்பம் வாசலோடு திரும்பிப் போனது. அதைப் பார்த்துத்தான் அனூப் மாராத் வியர்க்க விறுவிறுக்க வெளியே ஓடி வந்தார்.

"புது வண்டி தரச் சொல்லியாச்சு சேச்சி. வேற மாடல். போஸ்டர எல்லாம் கிழிச்சிடணும். பழைய வண்டியில கோளாறு இல்லைன்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பேனாவை வாங்கினேன். வண்டி ஓடாவிட்டால் என் வீட்டில் அடுப்பு எரியாது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் காலை விந்தி விந்தி வந்தார். கையில் மலர்வளையம் இல்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, பிரேக்கைக் கையால் அழுத்திப் பார்த்தார். மீனங்காடி ஊர்க்காரர், பேர் சுகுணன் என்றார்.

"இதே வண்டிதான் என்கிட்டயும் இருந்துச்சு. என்ஜின் நிக்கும்போது பிரேக் எப்படி இருக்கும் சேச்சி?"

"கல்லு மாதிரி. ஏறி நின்னாலும் இறங்காது."

அவர் வண்டியில் கையை ஊன்றிக்கொண்டார்.

"போன வருஷம் சுரத்துல கீழ விழுந்தோம். என் பொண்டாட்டி ஷைலஜா போயிட்டா. பிரேக் போடாம விட்டது நான்தான்னு போலீஸ் எழுதிடுச்சு. இவங்களும் அதையேதான் சொன்னாங்க. மிதிச்சதா எனக்கு ஞாபகம். எல்லாரும் சொல்லச் சொல்ல, மிதிக்கலையோன்னு எனக்கே தோணிடுச்சு. அவ அம்மா மூஞ்சியக்கூட நான் நிமிந்து பாக்கறதில்ல."

அதுவரை எனக்கு வந்ததெல்லாம் கோபமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பேனாவை அனூப் மாராத்தின் சட்டைப் பையில் செருகினேன்.

"கையெழுத்து போடறேன் சாரே. அதுக்கு முன்னாடி, வண்டியில கோளாறு இல்லைன்னு இவர் மூஞ்சியப் பாத்து நீங்க சொல்லுங்க."

அனூப் மாராத் தரையைப் பார்த்தார். சுகுணன் காத்திருந்தார். கூட்டமும் காத்திருந்தது.

"நீங்க மிதிச்சீங்க சேட்டா," என்றேன் நான். "நல்லாத்தான் மிதிச்சீங்க."

சுகுணன் ஷோரூம் படியில் உட்கார்ந்து, மனைவியின் பேரைச் சொல்லிச் சத்தமாக அழுதார்.