படுத்தால் எழுபத்தெட்டு

விரிப்பின் இரண்டு மூலைகளையும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பிடித்து, சலவைக் கம்பெனியின் கொதிக்கும் இஸ்திரி ரோலருக்குள் விட வேண்டும். ஒருத்தி கொஞ்சம் பிந்தினாலும் விரிப்பு கோணிக்கொள்ளும். கண்ணாடி அறையிலிருந்து சூப்பர்வைசர் எட்டிப் பார்ப்பார். ஹோட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் விரிப்புகள் நாளைக்கு ஆயிரத்தைத் தாண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடிதான் வேலை. அந்தச் சூட்டில் நல்ல உடம்புக்காரர்களே வாடிப்போவார்கள்.

உயரத்தால் நெட்டை என்றே பேராகிப்போனவள், இப்போதெல்லாம் முப்பதாவது விரிப்பிலேயே தடுமாறினாள். அவளுக்குக் கொரோனா வந்து போய் ஒன்றரை வருடம் ஆகிறது. நின்றால் நெஞ்சு படபடவென்று அடித்தது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அதுதான் கொடுமை. உட்கார்ந்திருக்கும்போது பார்த்தவர்கள் எல்லாம், “நல்லாத்தானே இருக்கே, உனக்கென்ன?” என்றார்கள்.

எதிர் மூலையைப் பிடிப்பவள் வயதில் மூத்தவள், அங்கே எல்லோருக்கும் அக்கா. நெட்டை தடுமாறும்போதெல்லாம் அவள் மூலையையும் சேர்த்து எட்டி இழுத்துவிடுவாள். இரண்டு மாதமாக அக்காவின் தோள்பட்டை வீங்கியிருந்தது.

கிழிசல் தைக்கும் மெஷினில் ஒரு இடம் காலியாக இருந்தது. உட்கார்ந்து செய்யும் வேலை. நெட்டை சூப்பர்வைசரிடம் கேட்டாள்.

“டாக்டர் எழுதிக் குடுத்தா நாளைக்கே மெஷின்ல உக்காரு. இல்லைன்னா ரோலர். அதுவும் முடியலைன்னா வீட்டுக்குப் போயிரு, லீவு எல்லாம் தீந்துபோச்சு.”

வெளி ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார். படுத்திருக்கும்போது நாடி எழுபத்து நாலு; பத்து நிமிடம் நிற்கவைத்துப் பார்த்தால் நூற்று முப்பத்திரண்டு. “இதயத்துல கோளாறு இல்லம்மா. நின்னா ரத்தம் காலுக்கு இறங்கிடாம பாத்துக்குற நரம்புங்க இருக்கே, அதுங்க சரியா வேலை செய்யல” என்று பொறுமையாகச் சொன்னார். அந்தச் சீட்டை சூப்பர்வைசர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கம்பெனி டாக்டரின் படிவம்தான் செல்லுமாம்.

கம்பெனி டாக்டர் புதன்கிழமை மட்டும் வருவார். போன புதன் அவளைக் கட்டிலில் படுக்கவைத்து விரலில் கருவியை மாட்டினார். “நாடி நல்லா இருக்கு. மனசுலதாம்மா பிரச்சினை.” நின்றால் பாருங்கள் சார் என்று கெஞ்சினாள். படுக்கவைத்துப் பார்ப்பதுதான் முறை என்று சொல்லி, அடுத்த வாரம் இன்னொரு தடவை பார்த்து முடிவாக எழுதுவதாக அனுப்பிவிட்டார்.

இந்த வாரம் அக்காவும் கூட வந்தாள். வழியிலேயே திட்டம் போட்டாகிவிட்டது.

“பெஞ்சுல உக்காராதே. பத்து நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு நில்லு. உள்ள போனதும் நின்ன வாக்குலயே விரலை நீட்டு. அந்தாளே பாக்கட்டும்.”

நெட்டை சுவரைக்கூடத் தொடாமல் நின்றாள். நர்ஸ் உட்காரச் சொன்னாள்.

“இருக்கட்டும் சிஸ்டர், நிக்கிறேன்.”

“இடம் இருக்கும்போது என்ன வீம்பு?”

“அவ உக்காந்தா முட்டி எதிர் செவுத்துல இடிக்கும் சிஸ்டர்” என்றான் பெஞ்சிலிருந்த லாரி டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். நெட்டையும் சிரிக்கப் பார்த்தாள். மேலுதட்டில் வேர்வை அரும்பியது. விரல் நுனிகள் ஊதா நிறமாகிக்கொண்டிருந்தன. அக்கா கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தாள். எட்டு நிமிடம். ஒன்பது.

பதினோராவது நிமிடத்தில் “அடுத்த ஆள்” என்று நர்ஸ் கூப்பிட்டாள். நெட்டை ஒரு அடி எடுத்து வைத்தாள். முட்டி மடங்கியது.

ரோலர் பக்கத்தில் எத்தனையோ தடவை அவளைப் பிடித்துப் பழகிய கைகள் அக்காவுடையவை. யோசிக்கவே இல்லை. தலை தரையில் மோதாமல் தாங்கி, மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்தாள். “தண்ணி, தண்ணி” என்று கத்தினாள். டாக்டர் கையிலிருந்த வேலையை முடித்துக்கொண்டு நிதானமாக வந்தார். அதற்குள் நெட்டை கண் விழித்திருந்தாள். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. டாக்டர் குனிந்து கருவியை மாட்டினார்.

“எழுபத்தெட்டு. நார்மல்.”

“இப்பதான் சார் விழுந்தா! நின்னப்ப பாத்திருக்கணும் சார்!”

“பயத்துல விழுந்திருக்கா. மெஷின் பொய் சொல்லுமா?”

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. “ஐயோ, நானே படுக்கவெச்சுக் கெடுத்துட்டேனேடி” என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். நெட்டை முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள்.

“இன்னொரு தடவை நிக்கிறேன் சார். பத்தே நிமிஷம்.”

“பத்து நிமிஷத்துக்கு எங்க போவேன்? இன்னும் பதினோரு பேர் இருக்காங்க.”

உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதினார். நர்ஸ் படிவத்தை அட்டையில் செருகி எடுத்து வந்தாள். ‘நின்று செய்யும் வேலைக்குத் தகுதியானவர்’ என்றிருந்த வரியின் கீழே தொழிலாளியின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. நெட்டை மறுபடியும் எழப் போனாள். நர்ஸுக்கு இரக்கமாகத்தான் இருந்தது. தோளைப் பிடித்து மெல்லச் சாய்த்து, அட்டையை அவள் வயிற்றின் மேல் வைத்தாள்.

“எந்திரிக்காதே, திரும்பவும் விழுந்துருவே. படுத்தபடியே போடு.”