ஏலத்தில் எடுத்த ஆயில்

இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வாருங்கள், என் செல்வங்களே. மின்விசிறிக்குக் கீழே இடம் இருக்கிறது. கைப்பேசியைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வையுங்கள். பொழிச்சலூரில் ஒருவர் தன் பைக்குக்கு ஆயில் மாற்றிய கதையைச் சொல்கிறேன். ஆயில் மாற்றுவதில் என்ன பெரிய கதை என்று கேட்காதீர்கள். ஒரு மனிதருக்கு மிச்சம் இருந்த ஒரே வேலை அதுவாக இருந்தால், அதில் கதை இருக்கத்தானே செய்யும்?

அவர் பெயர் தேவானந்தம். வயது அறுபத்து மூன்று. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் முப்பது வருஷம் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவர். கடைசல் போட்ட இரும்பை விரலால் தடவியே, மயிரிழை அளவு கூடுதலா குறைவா என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட கைக்குத்தான் நடுக்கம் வந்தது. முதலில் காபி டம்ளர் ஆடியது. பிறகு சட்டைப் பொத்தான், பிறகு கையெழுத்து. நரம்புக் கோளாறு, மாத்திரையால் குறைக்கலாம், நிறுத்த முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் வேலைகள் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயின. முகச்சவரம் மனைவி ஞானஜோதியின் கைக்குப் போனது. ஆலயத்தில் காணிக்கைப் பை பிடிக்கிற வேலை வேறொருவருக்குப் போனது. பம்மல் சிக்னலில் ஒரு நாள் கிளட்சைப் பிடிக்க முடியாமல் சாயப் பார்த்தபோது, பைக் சாவியை அவரே மகள் ஜோவிதாவிடம் கொடுத்துவிட்டார். அதே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் அவளுக்கு வேலை. தினமும் அப்பாவின் பைக்கில்தான் போய்வருகிறாள்.

மிச்சம் இருந்தது ஒன்று. மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவது. ஒரு சனிக்கிழமை காலை, அடுக்குமாடியின் கீழே வண்டி நிறுத்துமிடத்தில், செய்தித்தாளை விரித்து அவரே செய்வார். முன்பு அரை மணி நேரத்தில் முடிந்த வேலைக்கு இப்போது ஒரு முற்பகல் முழுக்க வேண்டும். ஆனாலும் வேறு யாரையும் தொடவிட மாட்டார்.

"அப்பா கை பட்டாதான் வண்டி சத்தமே சரியா இருக்கு" என்று ஜோவிதா ஒருமுறை சொல்லியிருந்தாள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இருந்தார்.

போன முறை அடியில் இருக்கும் போல்ட்டை அவரால் போதுமான அளவு இறுக்க முடியவில்லை. மறுநாள் தரையில் நாலு சொட்டு. அன்றைக்குச் சமையலறையில் அம்மாவும் மகளும் பேசியது அவர் காதில் விழுந்தது.

"இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா மெக்கானிக் கிட்டதான் விடணும் ஜோவி. நீ ரோட்ல போற புள்ள."

"இன்னொரு தடவை ஆனா பாக்கலாம்மா."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் தேவானந்தத்துக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தடவை பிசகக்கூடாது.

அக்டோபரில் அவர்கள் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அன்றைக்கு ஆளுக்கு ஒன்றாகக் காணிக்கை கொண்டுவருவார்கள். பூசணிக்காய், வாழைத்தார், கேக், கால் கட்டிய சேவல் என்று எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஆலய வளாகத்திலேயே ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுத்தது ஆசீர்வாதம். அதை அந்த வீட்டில்தான் பயன்படுத்த வேண்டும். திருப்பிக் கொடுப்பதோ தூக்கிப் போடுவதோ கிடையாது.

இந்த வருஷம் கீழ்க்கட்டளையிலிருந்து வரும் ஜெபகுமார், தன் கார் டிக்கியில் இருந்த ஒரு புது டப்பா இன்ஜின் ஆயிலைக் காணிக்கையாக வைத்துவிட்டார். பொன்னிற எழுத்துப் போட்ட பெரிய டப்பா. ஏலம் விடுபவர் அதைத் தூக்கிக் காட்டி, "இதுல பஜ்ஜி போட முடியாது, பாத்துக் கேளுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தேவானந்தம் டப்பாவின் முன்பக்கத்தைப் பார்த்தார். டென் டபிள்யூ தர்ட்டி என்று இருந்தது. அவர் வண்டிக்கு ஊற்றுகிற அதே எண். கையைத் தூக்கினார்.

தூக்கிய கை ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்தையும் ஏலம் விடுபவர் விலையைக் கூட்டிக் கேட்பதாக எடுத்துக்கொண்டார்.

"தேவானந்தம் அண்ணன் விட மாட்டேங்கிறார். மறுபடியும் அண்ணன். அதுக்கு மேலயும் அண்ணனேதான். அண்ணே, உங்களோட நீங்களே போட்டி போடறீங்க."

வளாகமே சிரித்தது. ஞானஜோதி மெதுவாக அவர் முழங்கையைப் பிடித்துக் கையை இறக்கினாள். அவரும் சிரித்தார். டப்பா அவர் மடிக்கு வந்தது. இனி அந்த ஆயிலை அவர் ஊற்றாமல் இருக்க முடியாது. அத்தனை பேர் பார்த்து எடுத்தது அல்லவா?

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும், கண்ணுகளா. ஆயிலைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. கம்பெனி வண்டிக் கொட்டகையில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார்: "காருக்குக் கிளட்ச் தனியா இருக்கு. நம்ம பைக்குல அது ஆயில்லயே முங்கி ஓடுது. கார் ஆயில்ல வழவழப்புக்கு மருந்து கலப்பான். அதை ஊத்தினா கிளட்ச் வழுக்கிடும். எண் மட்டும் பாத்தா போதாது. டப்பா பின்னாடி எம்.ஏ.ன்னு குறி இருக்கான்னு பாத்து வாங்குங்க." முப்பது வருஷம் இதைச் சொன்னவர்.

வெள்ளிக்கிழமை, ஃபில்டர் வாங்க ஞானஜோதியோடு ஆட்டோவில் பம்மலுக்குப் போனார். பழைய ஃபில்டர் ஒன்றை பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப் போயிருந்தார். கடைக்காரர் கொடுத்த முதல் ஃபில்டரில் ரப்பர் விளிம்பு சரியில்லை என்றார். இரண்டாவதில் காகித மடிப்பு நெருக்கமாக இல்லை. மூன்றாவதைப் பழையதோடு சேர்த்துவைத்து, நடு ஓட்டை இரண்டிலும் ஒன்றா என்று வெளிச்சத்தில் பார்த்தார்.

"இன்னா சார், பொண்ணு பாக்க வந்தா மாதிரி பாத்துகினு கீற" என்றார் கடைக்காரர்.

"பொண்ணு ஓட்டுற வண்டிப்பா. பாக்கத்தான் வேணும்."

"ஆயில் வோணாமா?"

"வீட்ல இருக்கு. சர்ச்சுல எடுத்தது."

"சர்ச்சுல ஆயிலும் குடுக்கறாங்களா? சொல்லவே இல்லியே சார். நானும் வந்துடறேன்."

சனிக்கிழமை காலை இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி நிறுத்தினார். அடியில் தட்டு வைத்து போல்ட்டைக் கழற்றினார். கறுத்த எண்ணெய் முழுக்க வடிகிறவரை அவசரப்படாமல் காத்திருந்தார். போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து, முழு உடம்பையும் கொடுத்து இறுக்கினார். ஃபில்டர் மூடியின் மூன்று சின்ன போல்ட்டும் ஆளுக்கு ஒரு பக்கம் உருண்டு ஓடின. ஞானஜோதி தேடி எடுத்துத் தந்தாள். புது ஃபில்டரை எந்தப் பக்கம் உள்ளே போக வேண்டுமோ அந்தப் பக்கமாக வைத்தார். மூடியை மாட்டி முடித்தபோது வேர்வை சொட்டியது.

இனி ஊற்ற வேண்டியதுதான். டப்பா கனம். அவர் கையில் அது நிற்காது. ஞானஜோதிதான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவைத் தூக்கினாள். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை அவள். எழுத்து எங்கே இருந்தாலும் கண் அங்கே போய்விடும்.

"என்னங்க, பின்னாடி பொடி எழுத்துல என்னமோ நெறைய போட்டிருக்கு. படிக்கட்டுமா?"

அவருக்கு ஒரு நொடி சுருக்கென்றது. காலையிலிருந்து எல்லாம் அவர் செய்தது. இதையும் இன்னொருவர் படித்துச் சொல்ல வேண்டுமா?

"முப்பது வருஷமா ஊத்தறேன் ஜோதி. நீ ஊத்து."

"சரி, நீங்க சொன்னா சரி."

ஊற்றினாள். பொன்னிற எண்ணெய் நூலாக இறங்கியது. இன்ஜின் பக்கவாட்டில் ஆயில் மட்டம் காட்டுகிற கண்ணாடி வட்டத்தில் மேல்கோட்டுக்கு வந்ததும் "போதும்" என்றார். அடியில் ஒரு சொட்டு கசிவு இல்லை. அன்று மத்தியானம் அவர் சாப்பிட்ட மாதிரி வயிறாரச் சாப்பிட்டதை ஞானஜோதி ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு ஜோவிதா பைக்கில் போய் வந்தாள். சத்தம் பட்டுப்போல் இருக்கிறது என்றாள்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ஞானஜோதியின் போன் அடித்தது. தேவானந்தம் கரண்டியால் இட்லியை அள்ளிக்கொண்டிருந்தார்.

"எங்க இருக்க? ஓரமா நிக்கிறியா? அடி ஒண்ணும் இல்லையே? சாமி, நிஜமா சொல்லு."

கரண்டி தட்டில் விழுந்தது. "ஸ்பீக்கர்ல போடு" என்றார்.

ஜோவிதாவின் குரலுக்குப் பின்னால் லாரி ஹாரன்களும் தூறல் சத்தமும் கேட்டன. "பைபாஸ் பாலத்து ஏத்தத்துலப்பா. முறுக்க முறுக்க இன்ஜின் கத்துது, வண்டி போகலை. அப்படியே நின்னுடுச்சு. பின்னாடி தண்ணி லாரி. கொஞ்சம் விட்டா இடிச்சிருப்பான். எப்படியோ ஓரமா தள்ளிட்டேன்."

"கியர் விழுதா?"

"விழுதுப்பா. பிடிக்க மாட்டேங்குது."

தேவானந்தம் தட்டை நகர்த்தினார். பால்கனியிலிருந்து அந்த டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். பின்பக்கத்தைத் திருப்பிக் கண்ணருகே கொண்டுபோனார். எழுத்துகள் எறும்பு கலைந்த மாதிரி ஓடின. மேஜை மேல் வைத்துக் குனிந்து பார்த்தார். கை பட்டு மேஜையும் ஆடியது. கடைசியில் டப்பாவை மனைவி பக்கம் தள்ளினார்.

"படி."

ஞானஜோதி வகுப்பில் படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தாள். பெட்ரோல் கார், டீசல் கார், எத்தனை டிகிரி வெயில், எத்தனை டிகிரி குளிர் எல்லாம் வந்தது.

"எம்.ஏ.ன்னு?"

மறுபடி முதலிலிருந்து விரல் வைத்துப் பார்த்தாள். "இல்லைங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "கார் ஆயில்" என்றார்.

அவள் டப்பாவைத் தரையில் இறக்கி வைத்தாள், சத்தம் வராமல்.

போய்விட வேண்டும் என்று எழுந்தார். ஆட்டோ பிடித்துப் போகலாம்தான். போய் என்ன செய்வது? அந்த ஏற்றத்தில் வண்டியைத் தள்ள முடியுமா? குடைதான் பிடிக்க முடியுமா? ஆனாலும் சட்டையை மாட்டினார். மூன்றாவது பொத்தானுக்கு வந்தபோது மறுபடி போன். பாலத்துக்குக் கீழே கடை வைத்திருக்கும் மெக்கானிக் கேஷவ் வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்த் திறந்து பார்த்திருந்தான். ஜோவிதா போனை அணைக்காமலே அவனிடம் பேசினாள்.

"இன்னா மேடம் இது, காருக்கு ஊத்துற ஆயில ஊத்திக்கீது. கிளட்ச் பிளேட்டு பூரா ஊறிப்போச்சு, மாத்தணும். எவன் ஊத்துனான்?"

தேவானந்தம் போனையே பார்த்தார்.

"நான்தான் அண்ணா" என்றாள் ஜோவிதா.

"நீயேவா? ஏத்தத்துல நிக்க சொல்லோ லாரி ஏறியிருந்தா இன்னா பண்ணுவ? தெரியலன்னா கேட்டுத் தெரிஞ்சிக்கணும். டப்பா பின்னாடி படிக்கணும்."

"தெரியாம பண்ணிட்டேன்ணா."

ஞானஜோதி போனை அணைத்தாள். அவர் மூன்று பொத்தானோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். மகளுக்கு விழுந்தது அவருக்கு விழ வேண்டிய திட்டு. அதைக்கூட அவர் கையில் வாங்க முடியவில்லை.

சாயங்காலம் பைக் சத்தம் தெரு முனையிலேயே கேட்டது. சரியான சத்தம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனார். ஜோவிதா வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தாள். சல்வார் முழங்கால் வரைக்கும் சேறு.

"எல்லாம் சரியாயிடுச்சுப்பா. கிளட்ச் பிளேட் மாத்திட்டாங்க, பைக் ஆயில் ஊத்திட்டாங்க."

"ம்."

பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினாள். உள்ளே, எண்ணெயில் நனைந்த அந்தப் புது ஃபில்டர்.

"அந்த ஆயில் ஊறினதால இதையும் மாத்திட்டாரு. தூக்கிப் போடப் போனாரு, நான் கேட்டு வாங்கிட்டேன். 'ஃபில்டர மட்டும் கரீட்டா எட்த்துக்கீற, கரீட்டா மாட்டிக்கீற'ன்னு சொன்னாருப்பா."

"உன்னைத்தான சொன்னாரு" என்றார் தேவானந்தம்.

அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "காபி போடறேன், மேல வாங்க" என்று விடுவிடுவென்று படி ஏறிவிட்டாள்.

அப்போதுதான் அவர் அதைப் பார்த்தார். வண்டியின் பக்கவாட்டில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று. கேஷவின் கடை பெயர், போன் நம்பர். கீழே, அடுத்த ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தது. மேலே போனவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத் தேவையும் இல்லை. இன்னொரு தடவை ஆனால் பார்க்கலாம் என்றவள்தான். பார்த்தாயிற்று.

கட்டை விரல் நகத்தால் ஸ்டிக்கரின் மூலையைச் சுரண்டினார். விரல் ஓரிடத்தில் நிற்கவில்லை. வெகு நேரம் கழித்து நெல் அளவு மூலை பெயர்ந்து நின்றது. நாளைக்கு மகள் பார்ப்பாள் என்று தோன்றியது. பெயர்ந்த மூலையை உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினார். கை ஆடியதில், துணி வைத்து வண்டியைத் துடைக்கிறார் என்றுதான் மேலே பால்கனியில் நின்ற ஞானஜோதிக்குத் தெரிந்திருக்கும்.

டப்பாவில் பாதிக்கு மேல் ஆயில் அப்படியே இருக்கிறது. பண்டிகையில் எடுத்தது என்பதால் தூக்கிப் போடவும் முடியாமல், ஊற்றவும் முடியாமல், பால்கனி மூலையில் துளசிக்கும் துடைப்பத்துக்கும் நடுவே நிற்கிறது. அன்றைக்குப் படிக்கட்டுமா என்று கேட்டதை ஞானஜோதி ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. ஒரு தடவை சொல்லித் திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

அவ்வளவுதான், என் செல்வங்களே. உங்கள் வீட்டில் ஆடுகிற கை ஒன்று இருந்தால், அதற்கென்று ஒரு வேலை எப்போதும் மிச்சம் இருக்கட்டும். பொடி எழுத்தைப் படிக்கட்டுமா என்று கேட்கிற குரலும், படி என்று சொல்கிற மனசும் ஒரே நாளில் ஒரே வீட்டில் வாய்க்கட்டும். காலையில் வண்டி எடுத்துப் போகிற உங்கள் பிள்ளைகள் எந்த ஏற்றத்திலும் நிற்காமல், சாயங்காலம் சேறு படாத காலோடு வீடு வந்து சேரட்டும்.