மூன்று கிலோவுக்குள் ஒரு கிட்டார்

யாரையும் நம்பி எனக்குப் பழக்கமில்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் ஒரு வாரம் கமிஷன் கடை நடத்திப் பார்க்கட்டும். மேலே பார்த்தால் மல்லிகை மொட்டு மொட்டாகச் சிரிக்கும். சாக்குக்கு அடியில் கையை விட்டால் முழங்கை வரை நனையும். தண்ணீரைத் தெளித்து எடையை ஏற்றியிருப்பார்கள். கொண்டுவந்தவர் தாய்மாமனாகவே இருந்தாலும் நான் கையை விட்டுத்தான் பார்ப்பேன். கைப்பையில் எப்போதும் ஒரு சின்னத் தொங்கு தராசு கிடக்கும். எங்கள் கடையில் சட்டம் இரண்டுதான். எதையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். நம் தேவையை எதிராளியிடம் சொல்லவே கூடாது. சொன்னால் விலை ஏறிவிடும்.

காலையில் பூக்கடை, மாலையில் கிட்டார். ஆண்டனிராஜ் அண்ணன் நடத்தும் இன்னிசைக் குழுவில் இருபத்திரண்டு வருடமாக லீட் கிட்டார் நான்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் மேடையேறினால், 'மணிமேகலை வந்துருச்சுடா' என்று கூட்டத்தில் யாராவது கத்துவார்கள். அந்த ஒரு சத்தத்துக்காக நான் எத்தனையோ காய்ச்சலோடு வாசித்திருக்கிறேன்.

அதற்குத்தான் ஆபத்து வந்திருந்தது. இடது தோளில் நரம்பு அழுந்துகிறது. கச்சேரியின் இரண்டாவது மணி நேரத்தில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போய்விடும். கம்பியை அழுத்துகிறேனா இல்லையா என்று எனக்கே தெரியாது. மூன்று கிலோவுக்கு மேல் அந்தத் தோளில் எதுவும் தொங்கக் கூடாது, மீறினால் கிட்டாரை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் பழைய கிட்டார் நாலே கால் கிலோ. கடைகளில் லேசாகக் கிடைத்ததெல்லாம் தகர டப்பா மாதிரி சத்தம் போட்டது. அதனால்தான் கையால் ஒவ்வொன்றாகச் செய்து தரும் ஆட்களைத் தேடத் தொடங்கினேன். வலியைப் பற்றி வீட்டில்கூட மூச்சு விடவில்லை. ஆண்டனிராஜ் அண்ணனிடம் சொன்னால் வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்ற பயம் வேறு. "பழசு சலிச்சுப்போச்சுண்ணே, நல்லதா ஒண்ணு வாங்கணும்" என்று மட்டும் சொன்னேன். பாவம், அவரே தன் காரில் கூட்டிப்போனார்.

முதலில் போனது கொடைரோட்டில் விக்னேஷ்குமார் என்பவரிடம். பெங்களூரில் வேலையை விட்டுவிட்டு வந்து கிட்டார் செய்கிறாராம். ஏசி அறை, மஞ்சள் விளக்கு, சுவரில் வரிசையாகக் கிட்டார்கள். குடிக்க இளநீர் கொடுத்தார். வந்ததும் வராததுமாக உபசரிப்பவனைக் கண்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். நீல நிறத்தில் ஒன்றைக் கையில் கொடுத்தார். தராசில் மாட்டினேன். இரண்டு கிலோ எண்ணூறு. சத்தமும் மோசமில்லை.

"இது எந்த மரம் தம்பி?"

"மகோகனி மேடம். ஒரே பலகை. எல்லாம் இங்கயே செஞ்சது."

ஒரே பலகை மகோகனி இத்தனை லேசாக இருக்காதே என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. உள்மரம் தெரியட்டும் என்று கிட்டாரின் கழுத்தைப் பொருத்தியிருந்த நாலு திருகையும் கழற்றிக் காட்டச் சொன்னேன்.

"கழட்டுனா செட்டிங் போயிரும் மேடம்" என்று சிரித்தார்.

"திரும்ப மாட்டத் தெரியாதா? நீங்கதான செஞ்சீங்க?"

சிரிப்பு நின்றுவிட்டது. தோளில் தொங்கவிடும் ஸ்ட்ராப் பட்டையை மாட்டும் திருகுக்குப் பக்கத்தில் பெயின்ட் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். உள்ளே அடுக்கடுக்காக ஒட்டுப்பலகை. எங்கிருந்தோ மொத்தமாக வாங்கி, பெயின்ட் அடித்து, தன் பெயரை எழுதியிருக்கிறார். இளநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

"எல்லாத்துலயும் நோண்டிக்கிட்டே இருந்தா கடைசி வரைக்கும் ஒண்ணும் அமையாது மணி" என்றார் ஆண்டனிராஜ் அண்ணன் காரில்.

"நோண்டுனதாலதான தப்பிச்சேன்" என்றேன்.

அடுத்தவர் எரியோட்டுக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் இருந்தார். பெயர் உடையப்பன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தவர், கிட்டாருக்குள் இருக்கும் காந்தக் காயிலைச் சுற்றிப் பார்க்கப் போய், கடைசியில் முழுக் கிட்டாரையே செய்யத் தொடங்கிவிட்டார். வருடத்துக்கு நாலே நாலு. வாங்கிப்போகிறவர்கள் சென்னை, கொச்சி என்று தூரத்துக்காரர்கள். தகரக் கொட்டகையில் ஒரு பக்கம் மோட்டார்கள், மறுபக்கம் மரப்பலகைகள். இளநீர் தரவில்லை. ஏன், உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"ஒங்க பழைய கிட்டாரக் கொண்டாந்தீகளா? அதுல ஒரு மணி நேரம் நின்னுக்கிட்டு வாசிங்க" என்றார்.

"எதுக்குண்ணே?"

"வாசிங்க தங்கச்சி, சொல்றேன்."

வாசித்தேன். அவர் கிட்டாரைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் போய் நின்றார், பக்கவாட்டில் வந்து நின்றார், என் தோளையும் கையையும் பார்த்தார். எனக்கு எரிச்சல் பொங்கியது. இது என்ன பார்வை? சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசித்தேன். முடிந்ததும் அவர் மூலையில் துணி போட்டு மூடியிருந்த ஒரு கிட்டாரை எடுத்து, சத்தத்தைப் பெருக்கும் ஆம்பில் மாட்டிக் கொடுத்தார். பெயின்ட் அடிக்காத வெறும் மரம். மற்றபடி எல்லாம் பூட்டி முடித்திருந்தது.

அடிக் கம்பியை ஒரு தட்டுத் தட்டினேன். அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. இதை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஆனால் முகத்தில் காட்டலாமா? "பரவால்ல" என்றேன். தராசில் மாட்டினேன். மூன்று கிலோ அறுநூற்றைம்பது.

"எடையக் கொஞ்சம் கொறைக்க முடியுமாண்ணே?"

"எதுக்குக் கொறைக்கணும்?"

தோள் வலிக்கிறது என்று இரண்டு வார்த்தையில் முடிந்திருக்கும். பக்கத்தில் ஆண்டனிராஜ் அண்ணன் நிற்கிறார். எதிரே விற்கிறவர் நிற்கிறார். கடைச் சட்டம் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"சும்மாதான். லேசா இருந்தா தூக்கிட்டுப் போக வசதி."

உடையப்பன் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சும்மா கொறைக்க முடியாது. மரத்தக் கொறைச்சா சத்தமும் கொறையும். இது மகோகனி, பன்னெண்டு வருசம் காய்ஞ்ச பலக" என்றார்.

முடிவு செய்துவிட்டேன். மூன்று கிலோ அறுநூற்றைம்பதாக இருந்தால் என்ன, நாலே காலைவிட லேசுதானே. வலித்தால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். பெயின்ட் அடித்து முடிக்க மூன்று வாரம் கேட்டார். அந்த மூன்று வாரமும் எனக்குத் தூக்கமில்லை. அந்தப் பலகையை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு எனக்கு மட்டமானதைத் தள்ளிவிட்டால்? பெயின்ட் மூடிவிட்டால் எந்த மரம் என்று யார் கண்டது? இரண்டு முறை போன் செய்து படம் அனுப்பச் சொன்னேன். "ஒட்டி வச்சிருக்கேன், இப்பத் தொறக்க முடியாது" என்று வைத்துவிட்டார். செய்து முடித்த கிட்டாரில் ஒட்டுவதற்கு என்ன இருக்கிறது? சந்தேகம் எனக்குள் புளித்த மாவாகப் பொங்கிக்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மறுபடி போனோம். கிட்டார் தேன் நிறத்தில் பளபளத்தது. நான் அழகைப் பார்க்கவில்லை. நேராகத் தராசில் மாட்டினேன்.

இரண்டு கிலோ தொள்ளாயிரத்து எண்பது.

மறுபடி மாட்டினேன். அதே எண்தான். அறுநூற்று எழுபது கிராம் மரத்தைக் காணோம். எனக்குத் தேவையான எடைக்குள் வந்துவிட்டதே என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. எங்கள் மார்க்கெட்டில் எடை குறைந்தால் ஒரே அர்த்தம்தான்.

"என் பலக எங்க?" என்று கத்தினேன். "மூணு கிலோ அறுநூத்தம்பதுக்குக் காட்டிட்டு எதக் குடுக்குறீங்க? பெயின்ட்ட அடிச்சுட்டா தெரியாதுன்னு நெனச்சீங்களா? நீங்களும் அந்தக் கொடைரோட்டு ஆளும் ஒண்ணுதான். திருட்டுப் பொழப்பு!"

"மணி, மெதுவா" என்றார் ஆண்டனிராஜ் அண்ணன்.

உடையப்பன் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே செம்பழுப்பு நிறத்தில் மரத்தூளும் சீவலும்.

"நிறுத்துப் பாருங்க."

நிறுத்தேன். அறுநூற்றுப் பத்து கிராம்.

"அறுவது கிராமு காத்துல பறந்துருச்சு. பெறக்க முடியல" என்றார். "தராசோட வந்த ஆளு, கண்டிப்பா கேப்பீகன்னுதான் கூட்டாம வச்சிருந்தேன். முதுகுப்பக்கத்த மெல்லிசா அறுத்தெடுத்து, உள்ள கொடஞ்சு, திருப்பி ஒட்டியிருக்கேன். அதே பலகதான்."

காயில்களின் மேல்மூடியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே குடைந்த குழிகளும், அதே மகோகனியின் ரேகையும் தெரிந்தன.

"கொறைக்க முடியாதுன்னீங்களே?" என் குரல் இறங்கிவிட்டது.

"சும்மா கொறைக்க முடியாதுன்னேன். அன்னைக்கு ஒரு மணி நேரம் வாசிச்சீகள்ல, அதுல கடைசி இருவது நிமிசம் ஒவ்வொரு பாட்டு முடியவும் பெருவிரல ஸ்ட்ராப்புக்கு அடியில குடுத்து தோளத் தூக்கிவிட்டீக. எடது கைய ரெண்டு தடவ ஒதறுனீக. கேட்டா சும்மாங்கிறீக. நான் என்ன செய்ய?"

அவமானத்தில் காது சூடேறியது. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆம்பில் மாட்டி அடிக் கம்பியைத் தட்டினேன். அருமையாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு நெஞ்சுக்குள் உட்கார்ந்த அந்தக் கனம் ஒரு பிடி குறைந்திருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"ஆமா, கொறஞ்சிருக்கு. அன்னைக்கே சொல்லியிருந்தா மொதல்லருந்து மலைவேம்புல செஞ்சிருப்பேன். எடையும் இருக்காது, அடிச் சத்தமும் போயிருக்காது. அழுத பிள்ளதான தங்கச்சி பால் குடிக்கும்?"

"எனக்குத் தோள்ல நரம்பு அழுந்துதுண்ணே" என்றேன். அடக்க முடியவில்லை. "ரெண்டாவது மணி நேரத்துல ரெண்டு வெரலு மரத்துப்போகுது. மூணு கிலோவுக்கு மேல தூக்குனா கிட்டாரையே விட்டுறணும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

சொல்லிவிட்டு ஆண்டனிராஜ் அண்ணன் பக்கம் திரும்பினேன். "ஒங்ககிட்டயும் மறைச்சுட்டேண்ணே. வேற ஆளப் போட்ருவீகளோன்னு பயம்."

அப்படியெல்லாம் செய்வேனா என்று அவர் திட்டுவார் என எதிர்பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். ஈரச் சாக்குக்குள் கையை விட்டதும் வருமே ஒரு சில்லிப்பு, அது எனக்கு வந்தது.

"போட்டுட்டீங்களாண்ணே?"

"மாசித் திருவிழாவுக்கு அஜித்துன்னு ஒரு பையனப் பேசியிருக்கேன் மணி. இடைவேளைக்கப்பறம் ஒனக்குக் கை தடுமாறுது. ஆறு மாசமா பாக்குறேன். எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாமத்தான்…"

ஊரில் உள்ள அத்தனை பேரையும் நிறுத்துப் பார்த்தவள், காரில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவரை நிறுத்துப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நான் யாரைத் திருடன் என்று கத்தினேனோ அந்த ஆள் என் விரலுக்காக மரம் குடைந்திருக்கிறார். பாவம் என்று நான் நினைத்த ஆள் என் இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்திருக்கிறார். எனக்கு அழுகை நின்றுவிட்டது.

"உக்காருங்கண்ணே" என்றேன்.

"எதுக்கு?"

"கச்சேரிப் பட்டியல் மொத்தமும் வாசிக்கப்போறேன். இடைவேளை கெடையாது. ரெண்டு மணி நேரம். எந்திரிச்சுப் போகக் கூடாது."

உடையப்பன் ஒரு மோட்டார் பெட்டியை இழுத்துப் போட்டார். ஆண்டனிராஜ் அண்ணன் உட்கார்ந்தார். நான் வாசிக்கத் தொடங்கினேன். முதல் ஒரு மணி நேரம் யாருக்கும் பெரிதாக எதுவும் தெரியப்போவதில்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதைத் தாண்டியதும் அவர் என் இடது கையையே பார்க்க ஆரம்பித்தார். நானும் பார்த்தேன். மோதிர விரல் கம்பியை உணர்ந்தது. சுண்டு விரல் உணர்ந்தது. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் விரல் நுனி எரிந்தது. எரிச்சல் தெரிகிறதே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கடைசிப் பாட்டு முடிந்ததும் ஆண்டனிராஜ் அண்ணன் எழுந்து போனோடு தோப்புக்குள் போனார். தென்னை மரத்தடியில் நின்று கொஞ்ச நேரம் யாரிடமோ பேசினார். திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல், "திருவிழாவுக்கு நீயே வாசி மணி. அந்தப் பையன்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார்.

"அவன்கிட்டதான் பேசுனீங்களா? போனக் காட்டுங்க" என்றேன்.

காட்டினார்.