திலேர் ஜங் என்று ஒருமுறை

தலைப்பாகையை மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டு, கொழுந்தன் மகன் தௌசீஃப் வர லேட்டாகட்டும் என்று ஜமீலுன்னிசா மனசார வேண்டிக்கொண்டாள். பாலவாக்கத்திலிருந்து கோபாலபுரம் வர ஞாயிற்றுக்கிழமையில் என்ன பெரிய நேரமாகிவிடும்? டிராஃபிக்காவது கொஞ்சம் கருணை காட்டக் கூடாதா? அவனுக்குப் பட்டம் கொடுப்பதை முதலில், இத்தா முடியட்டும் என்று தள்ளிப் போட்டாள். புருஷன் போனபின் வீட்டோடு இருக்கவேண்டிய அந்த நாலு மாதமும் பத்து நாளும் முடிந்தது. அப்புறம் முழங்கால் வலி என்றாள். அதற்குமேல் சாக்குச் சொல்ல ஒன்றும் கைவசம் இல்லை.

பட்டமென்றால் சும்மாவா? அவள் புருஷன் அப்துல் வஹீதின் முப்பாட்டனாருக்கும் முந்தைய ஒருவருக்கு யாரோ ஒரு நவாப் கொடுத்தது, 'திலேர் ஜங்', போரில் அஞ்சாதவர். போரில் நவாபின் உயிரைக் காப்பாற்றியதற்காம். இல்லை, தொலைந்துபோன வேட்டைப் பருந்தைப் பிடித்துக் கொடுத்ததற்கு என்று அவள் பிறந்த வீட்டார் சிரிப்பார்கள். நிலம், குதிரை எல்லாம் எப்போதோ போயாச்சு. பட்டம் மட்டும் மூத்த வாரிசு கைமாறி, மூத்த வாரிசு கைமாறி, இந்த இரண்டாவது மாடி ஃப்ளாட்டுக்கு வந்து சேர்ந்தது. பாங்கில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயரான மனுஷர். காய்கறிக்காரரிடம் கொத்தமல்லி கொசுறு கேட்டு வாங்குகிற திலேர் ஜங்!

அவளுக்கோ அது பட்டமே இல்லை. புருஷன் பேரைச் சொல்லக் கூடாதென்று வளர்ந்தவள். கல்யாணமான மறுநாள், "என்னை எப்படிக் கூப்பிடுவே?" என்று அவர் கேட்க, வெட்கத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள். திலேர் ஜங். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து அதுதான். சாப்பாடு ஆறுது, திலேர் ஜங். மோட்டார் போட்டாச்சா, திலேர் ஜங். உள்ளறையிலிருந்து "ஹாஜிர்!" என்று குரல் வரும், தர்பாரில் ஆஜராகிறவர் மாதிரி. பிள்ளையில்லாத வீடு அந்தக் குரலால்தான் நிறைந்திருந்தது.

அதைத்தான் இன்று அவர் தம்பி மகனுக்குக் கொடுக்க வேண்டும். குடும்பத்தின் மூத்த பெண் தலைப்பாகையை வைத்து, பட்டத்தைச் சொல்லி ஒருமுறை அழைப்பாள். புதியவன் 'ஹாஜிர்' என்பான். அதோடு சரி. அதற்குப்பின் இறந்துபோனவரை அந்தப் பேரால் யாரும் சொல்வதில்லை. அவர் இனி மர்ஹூம், காலஞ்சென்ற அப்துல் வஹீத். அப்புறம் அவள் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவாள்? தொழுதுவிட்டு துஆ கேட்கும்போதுகூட அந்தப் பேர்தானே வாயில் வருகிறது.

தௌசீஃப் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றான், மனைவி மஹ்விஷோடு. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

"பெரியம்மா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? உங்களுக்கு மனசில்லேன்னா விட்டுடலாம். தரமணி ஆபீஸ்ல என்னை யாரு திலேர் ஜங்னு கூப்பிடப் போறாங்க? டீம்ல எல்லாருக்கும் நான் தௌசி."

விட்டுடலாம். எவ்வளவு சுலபம்! சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேர் இங்கேயே இருக்கும். ஆனால் ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மூச்சு அவர் சொன்னது அதுவல்லவே. 'தௌசீஃப்கிட்ட குடுத்துடு. என்னோட முடிஞ்சிடக் கூடாது.'

"வாயை மூடிக்கிட்டு உக்காரு" என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்தான். அவள் எடுத்து வைத்த தலைப்பாகை அவனுக்குப் பெரிதாக இருந்தது, காதுவரை இறங்கிவிட்டது. மஹ்விஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கூப்பிடுங்க, பெரியம்மா" என்றாள் மெதுவாக.

ஜமீலுன்னிசா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"திலேர் ஜங்."

குரல் நன்றாகத்தான் வந்தது. முகம்தான் அவன் பக்கம் இல்லை, உள்ளறைப் பக்கம் திரும்பியிருந்தது.

பதில் சொல்ல தௌசீஃப் வாயெடுத்தான். மஹ்விஷ் அவன் தோளை அழுத்தினாள். "இரு" என்றாள்.

உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஜமீலுன்னிசா தலையைச் சற்றே சாய்த்துக் காத்துக்கொண்டிருந்தாள். நழுவும் தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தௌசீஃபும் அந்த உள்ளறை வாசலையே பார்த்தான்.